திருப்பத்தை அளந்து கொடுக்கும் வளையம்

ஸ்கேட்போர்டு என்று வழங்கும் நான்கு சக்கரப் பலகைக்குச் சுக்கான் கிடையாது, கைப்பிடி கிடையாது, சக்கரங்களைத் திருப்புவதற்கென்று அமைந்த கம்பியோ பற்சக்கரமோ எதுவும் கிடையாது. ஆயினும், அதன்மேல் பக்கவாட்டாக நிற்பவர் தம் உடலின் பாரத்தைக் கால்விரல்களின் பக்கமாகவோ குதிகால்களின் பக்கமாகவோ சிறிது மாற்றிய மாத்திரத்தில், பலகை அந்தப் பக்கம் சாய்ந்து, சாய்ந்த பக்கமே வளைந்து செல்கிறது. சாய்வைத் திருப்பமாக மாற்றும் இந்தக் காரியத்தில் உலோகப் பாகங்கள் செய்வது ஒரு பாதியே. எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு சாய்வு என்பதை நிர்ணயித்து, சாய்ந்த பலகையை மறுபடியும் நடுநிலைக்குக் கொண்டுவரும் மறுபாதியைச் செய்பவை, பலகையின் அடியில் முன்னும் பின்னுமாக இரண்டிரண்டாக அமைந்த, சுமார் 27 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் உயரமுமே உள்ள நான்கு பாலியூரிதேன் வளையங்கள். புஷ் என்று பட்டறைகளில் வழங்கும் அந்த வளையங்களைத் தேர்ந்தெடுப்பதிலும், வேண்டியபோது அவற்றின் உருவத்தைத் திருத்திக்கொள்வதிலும் அடங்கியுள்ள விஞ்ஞானத்தை இங்கே விளக்க முற்படுகிறேன். பலகை நன்றாகத் திரும்பவேண்டுமானால் புஷ் மிருதுவாக இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நல்ல திருப்பமோ எதிர்ப்பே இல்லாத நிலையில் உண்டாவதன்று; ஏறி நிற்பவரின் எடைக்கும் அவர் செல்லும் வேகத்துக்கும் தக்கவாறு அளவிட்டு அமைத்த எதிர்ப்பினால் உண்டாவது.

இந்த யுக்தி ஸ்கேட்போர்டைவிடப் பழமையானது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவில் செய்யப்பட்ட உருளைச் சறுக்குக் காலணிகளில் சக்கரங்கள் ஒரே வரிசையாகவும் அசைவற்றும் பிணைக்கப்பட்டிருந்தபடியால், அவற்றை அணிந்தவர் நேராகச் செல்லலாமேயன்றி, நினைத்த இடத்தில் வளைவது பெரும்பாடாக இருந்தது. 1863-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லியோனார்டு பிளிம்ப்டன் என்பவர், சக்கரங்களை முன்னிரண்டு பின்னிரண்டாக அமைத்து, ஒவ்வொரு ஜோடியின் அச்சையும் சாய்வான ஒரு மூட்டின்மேல் ஏற்றி, ரப்பர் மெத்தையின் உதவியோடு அசையும்படி செய்து காப்புரிமை பெற்றார். கால் சாய்ந்தால் அச்சு திரும்பும். கால் நிமிர்ந்தால் ரப்பர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். வெயிலில் ஒட்டிக்கொண்டும் குளிரில் விறைத்து வெடித்தும் பயன்படாமற் போய்க்கொண்டிருந்த ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்கு சார்ல்ஸ் குட்இயர் காப்புரிமை பெற்றது 1844-இல்தான் என்பதை நினைத்தால், பிளிம்ப்டனின் யுக்தி ஏன் அதற்கு முன்பு பிறக்கவில்லை என்பது ஒருவாறு விளங்கும்.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்தபின், 1950-களில், கலிபோர்னியாக் கடற்கரையில் அலைச்சறுக்கில் ஈடுபட்டிருந்த இளைஞர்கள், அலை எழாத நாட்களில் தெருவிலே சறுக்கி மகிழ்வதற்காக, ரோலர் ஸ்கேட் என்னும் அந்தச் சறுக்குக் காலணியின் சக்கரத் தொகுதிகளைக் கழற்றி மரப்பலகையின் அடியில் பொருத்திக்கொண்டபோது, சாய்வு மூட்டும் ரப்பர் மெத்தையும் அப்படியே புதிய விளையாட்டுக்குள் புகுந்தன. 1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி பாலியூரிதேன் சக்கரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்து, களிமண் கலவைச் சக்கரங்களின் வழுக்கலைப் போக்கியபின், சக்கரம் தரையைப் பற்றும் வலிமை கூடியது. கூடவே, திருப்பத்தின்போது டிரக் என்னும் அந்தச் சக்கரத் தொகுதி தாங்கவேண்டிய விசையும் கூடியது. காலணிக்கென்று குறுகலாகச் செய்த பழைய டிரக்குகள் இதற்கு ஈடுகொடுக்காமற் போகவே, 1975-இல் டிராக்கர், 1978-இல் இண்டிபெண்டென்ட் ஆகிய கலிபோர்னிய நிறுவனங்கள் ஸ்கேட்போர்டுக்கென்றே அகன்று உறுதியான டிரக்குகளைச் செய்யத் தலைப்பட்டன. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் இந்த விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றபோதும், வீரர்களின் காலடியில் இருந்த டிரக்கின் மூலதத்துவம் பிளிம்ப்டன் கண்ட அதே தத்துவமாகவே இருந்தது.

டிரக்கின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். பலகையோடு திருகி இணைத்த அடித்தட்டுக்கு பேஸ்பிளேட் என்று பெயர். சக்கரங்களின் அச்சைத் தன்னுள் தாங்கிய உலோகக் கைக்கு ஹேங்கர் என்று பெயர். இந்த ஹேங்கர் பேஸ்பிளேட்டை இரண்டு இடங்களில் தொடுகிறது. ஒன்று, அதன் மூக்குப் போன்ற முனை சென்று அமரும் சிறிய பிளாஸ்டிக் கிண்ணம். மற்றொன்று, பேஸ்பிளேட்டிலிருந்து சாய்வாக நீண்டு நிற்கும் கிங்பின் என்னும் தடித்த போல்ட்டு. ஹேங்கரின் வளையப் பகுதி கிங்பின்னைச் சூழ்ந்திருக்கிறது. அந்த வளையப் பகுதிக்கும் பேஸ்பிளேட்டுக்கும் இடையே ஒரு புஷ்ஷும், அதே வளையப் பகுதிக்கும் கிங்பின்னின் நுனியிலுள்ள நட்டுக்கும் இடையே மற்றொரு புஷ்ஷும், வாஷர்களின் துணையோடு இறுக்கமாக அமர்ந்திருக்கின்றன. முன்னதைப் பலகைப்பக்கப் புஷ் என்றும், பின்னதைத் தரைப்பக்கப் புஷ் என்றும் குறிப்பிடுவோம். தெருவிலும் மைதானங்களிலும் வித்தைகள் செய்வதற்கான டிரக்குகளில் கிங்பின்கள் பலகையின் நடுவை நோக்கியும், நீண்ட பலகைகளில் பெரும்பாலும் வழங்கும் டிரக்குகளில் பலகையின் முனைகளை நோக்கியும் இருக்கும். ஆனால் புஷ்ஷின் கடமை இரண்டிலும் ஒன்றே.

ஹேங்கர் அசையும் அச்சுக்கோடு தரைக்கு இணையாகவும் இல்லை, செங்குத்தாகவும் இல்லை. இடைப்பட்ட ஒரு கோணத்தில் சாய்ந்திருக்கிறது. சாய்வு திருப்பமாக மாறும் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. அந்த அச்சுக்கோட்டின் கோணத்துக்குரிய டேன்ஜென்டைப் பலகை சாயும் கோணத்துக்குரிய சைனால் பெருக்கினால், சக்கர அச்சு திரும்பும் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும் என்பது இதன் கணிதம். அச்சுக்கோடு 50 பாகையில் அமைந்த டிரக்கில் பலகையை 10 பாகை சாய்த்தால் சக்கர அச்சு ஏறத்தாழ 12 பாகை திரும்புகிறது. 40 பாகையில் அமைந்த டிரக்கில் அதே சாய்வுக்கு 8 பாகைக்குச் சற்று மேல்தான் திரும்புகிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 36 சென்டிமீட்டர் தூரமுள்ள பலகையில் முதல் டிரக்குகளைப் பொருத்தினால் அது 87 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வளையும். இரண்டாவதைப் பொருத்தினால் ஆரம் ஒன்றேகால் மீட்டராகிவிடும். முதல் டிரக்குகளிலேயே சாய்வை 5 பாகையாகக் குறைத்தால் வட்டம் ஏறக்குறைய இருமடங்காகப் பெருகும். ஆகவே, உலோகத்தின் கோணம் சாய்வுக்கும் திருப்பத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டும் நிர்ணயிக்கிறது. சாய்வு எவ்வளவு என்று நிர்ணயிக்கும் அதிகாரம் புஷ்ஷினிடம் இருக்கிறது.

இந்த அதிகாரம் எவ்வளவு நுட்பமாகச் செலுத்தப்படவேண்டியது என்பதை வேகத்தோடு சேர்த்து நோக்கினால்தான் அறியலாம். விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில், அதாவது நடையைவிடச் சிறிதே விரைவாக, ஒரு மீட்டர் ஆரத்தில் வளைபவரின் உடல் சமநிலைக்காக 13 பாகை உட்புறம் சாயவேண்டும். மேலே சொன்ன, முதல் டிரக்குகளைப் பொருத்திய பலகையோ அப்போது சுமார் 9 பாகை சாய்ந்திருக்கவேண்டும். அதே மனிதர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில், 5 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டத்தில் செல்லும்போது, அவர் உடல் 18 பாகை சாய்ந்திருக்க, அவர் காலடியிலுள்ள பலகை 2 பாகைகூடச் சாய்ந்திருக்கலாகாது. வேகம் மிகுந்த பயணத்தில் திருப்பம் முழுவதும் இந்த முதல் இரண்டு பாகைக்குள்ளேயே நடந்தேறுகிறது. பாதம் அழுத்தியவுடன் தடையின்றி ஐந்தாறு பாகை கவிழ்ந்துவிடும் புஷ், மெல்ல உருளும்போது எவ்வளவு இன்பமாக இருந்தாலும், இந்த நிலையில் ஆபத்தைத் தவிர வேறொன்றையும் தராது. இதற்கு மறுதலையாக, முதல் பாகையிலேயே கல்லைப்போல் நின்றுவிடும் புஷ்ஷைக் கொண்டு குறுகிய இடத்தில் வளைய முயல்பவர், சாய்வதற்குப் பதிலாகப் பலகையின் முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் திரும்பவேண்டியிருக்கும்.

இனி, எடையின் கணக்கு. பலகையைச் சாய்க்கும் முறுக்குவிசை, ஏறி நிற்பவரின் எடையையும், அவ்வெடை பலகையின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகி அழுத்துகிறது என்பதையும் பெருக்கிவரும் தொகை. நடுக்கோட்டிலிருந்து 2 சென்டிமீட்டர் விலகி அழுத்தினால், 50 கிலோகிராம் எடையுள்ளவர் ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் முறுக்கையும், 80 கிலோகிராம் எடையுள்ளவர் ஏறத்தாழ 16 நியூட்டன் மீட்டர் முறுக்கையும் உண்டாக்குகிறார்கள். பாதத்தின் ஒரே அசைவுக்கு இருவருக்கும் ஒரே சாய்வு கிடைக்கவேண்டுமானால், இரண்டாமவரின் புஷ் முதலாமவருடையதைவிட 1.6 மடங்கு விறைப்பாக இருக்கவேண்டும். ஒருவருக்கு அமிர்தமாக இருக்கும் டிரக்கை மற்றொருவர் ஏறிப் பார்த்து முகம் சுளிப்பதற்கு இதுவே பிரதான காரணம். ருசிபேதம் அதற்கு அடுத்த காரணம்தான்.

விறைப்பை எப்படி அறிவது? புஷ்ஷின்மேல் 85 ஏ, 90 ஏ, 95 ஏ என்றெல்லாம் பொறித்திருக்கும் எண், ஷோர் ஏ என்னும் கடினமானியின் எண். நுனி மழுங்கிய ஒரு சிறிய ஊசியை வில்லின் விசையால் பொருளுக்குள் அழுத்துவது இக்கருவியின் செயல், ஊசி 2.54 மில்லிமீட்டர் முழுதும் புதைந்துவிட்டால் 0 என்றும், சிறிதும் புதையாவிட்டால் 100 என்றும் அது காட்டும். இந்த எண்களைச் சாதாரண அளவுகோலின் எண்களாக நினைத்து, 80-க்கும் 90-க்கும் எட்டில் ஒரு பங்கே வித்தியாசம் என்று எண்ணுபவர் பெரிதும் ஏமாந்துபோவார். ஷோர் எண்ணுக்கும் பொருளின் மீட்சிக் குணகத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆலன் ஜென்ட் என்னும் அறிஞர் 1958-இல் வகுத்துக்காட்டினார். அவருடைய சூத்திரத்தின்படி கணக்கிட்டால், 80 ஏ புஷ்ஷைவிட 90 ஏ புஷ் இரண்டு மடங்குக்கும் மேலாக விறைப்பானது. 90-இலிருந்து 95-க்குச் சென்றாலே மறுபடியும் விறைப்பு ஏறத்தாழ இரட்டித்துவிடுகிறது. எண் ஏற ஏற ஒவ்வொரு படியும் உயரமாகிக்கொண்டே போகும் படிக்கட்டு இது. மேற்படியில் இருப்பவர் இரண்டு எண்ணை மாற்றினாலே பெரிய மாறுதலை உணர்வார். கீழ்ப்படியில் இருப்பவர் நான்கைந்து எண்ணை மாற்றினால்தான் அவ்வளவு மாறுதலை உணர்வார்.

மேலே கண்ட 1.6 மடங்கை இந்தச் சூத்திரத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சுலபமான விதி பிறக்கிறது. 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 80 ஏ பொருந்துமானால், 80 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 87 ஏ அளவும், 100 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 89 அல்லது 90 ஏ அளவும் அதே உணர்வைத் தரும். இவை ஆரம்ப எண்கள். நிதானமாக வளைந்து வளைந்து செல்ல விரும்புவோர் இதிலிருந்து இரண்டு மூன்று எண்கள் இறங்கலாம். மலைச்சரிவுகளில் விரைந்து இறங்குவோர் சில எண்கள் ஏறலாம்.

இரண்டு புஷ்களும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. ஏறி நிற்பவரின் எடை பேஸ்பிளேட் வழியாகப் பலகைப்பக்கப் புஷ்ஷின்மீதே இறங்குகிறது. தரைப்பக்கப் புஷ் எடையைச் சுமப்பதில்லை, நட்டின் இறுக்கத்தையும் சாய்வின் முறுக்கையும் மட்டுமே தாங்குகிறது. ஆதலால் பலகைப்பக்கத்தில் சற்றுக் கடினமானதையும் தரைப்பக்கத்தில் சற்று மிருதுவானதையும் வைப்பது அநுபவசாலிகளின் வழக்கம். இவ்வாறு வைத்தால், சாய்வின் தொடக்கம் இலகுவாகவும், சாயச் சாய எதிர்ப்பு பலமாகவும் அமைந்து, பாதத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்ற தெளிவான உணர்வு கிடைக்கிறது.

எண்ணோடு நின்றுவிடாமல் பொருளின் குணத்தையும் கவனிக்கவேண்டும். 1937-இல் ஜெர்மனியின் லெவர்கூசன் நகரில் ஓட்டோ பாயரும் அவருடைய சகாக்களும் கண்டறிந்த பாலியூரிதேன் வகையைச் சேர்ந்த பொருள்கள் ஒன்றல்ல, பல. கலவையையும் தயாரிப்பு முறையையும் பொறுத்து அவற்றின் சுபாவம் மாறுபடும். அழுத்திய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் கலவை ஒன்று. அதில் கணிசமான பங்கை உஷ்ணமாக விழுங்கிவிட்டு மெல்ல எழும் கலவை மற்றொன்று. கடினமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டலாம். வளைவுக்குப் பின் வளைவாக இடைவிடாமல் திரும்புவோர், ஒவ்வொரு திருப்பத்தின் முடிவிலும் பலகை துள்ளி நிமிர்ந்து அடுத்த திருப்பத்துக்கு உதவவேண்டும் என்று விரும்புவார்கள். அவர்களுக்கு முன்னது உகந்தது. அதிவேகமாக இறங்குவோருக்கு அந்தத் துள்ளலே பகையாகலாம். அதிர்வை விழுங்கும் பின்னது அவர்களுக்கு நிம்மதியளிக்கும். குளிரில் எந்தப் புஷ்ஷும் விறைக்கும், வெப்பத்தில் தளரும் என்பதையும், புதிய புஷ் சில நாட்கள் உழைத்தபின்தான் தன் இயல்பான மிருதுத்தன்மையை அடையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், அவசரத் தீர்ப்புகளைத் தவிர்க்கலாம்.

அடுத்தது ஆகாரம். பாலியூரிதேன், ரப்பரைப்போலவே, நசுக்கினால் உருமாறுமேயன்றிக் கன அளவில் பெரும்பாலும் குறையாது. பிசைந்த மாவை உள்ளங்கையால் அமுக்கினால் அது விரல்களுக்கிடையே பிதுங்குவதுபோல, மேலிருந்து அழுத்தப்பட்ட புஷ்ஷும் பக்கவாட்டில் பிதுங்கியே இடம் தேடிக்கொள்கிறது. பிதுங்க இடமிருந்தால் அது மிருதுவாக நடந்துகொள்ளும். இடமில்லாவிட்டால், அதே பொருளே மிகக் கடினமாக நடந்துகொள்ளும். புஷ்ஷின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் கிண்ண வடிவ வாஷர் அதன் பிதுக்கத்தைத் தடுத்து விறைப்பைக் கூட்டுவதும், தட்டையான வாஷர் அதை விடுவித்து இலகுவாக்குவதும் இதனால்தான். உருளை வடிவப் புஷ் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இருப்பதால் எதிர்ப்பு ஒழுங்காக ஏறும். கூம்பு வடிவப் புஷ்ஷில் ஒரு பக்கம் விளிம்பே இல்லாமையால் சாய்வு மிக எளிதாகவும் அதிகமாகவும் கிடைக்கும். நடுவே படிபோல் அகன்ற வடிவங்கள் ஹேங்கரின் இருக்கையை நிரப்பிக்கொண்டு சாய்வைக் கட்டுப்படுத்தும். பலகைப்பக்கத்தில் உருளையும் தரைப்பக்கத்தில் கூம்பும் சேர்ந்த ஜோடி பல டிரக்குகளோடு ஆரம்பத்திலேயே வருவதற்குக் காரணம், எடை தாங்குவதையும் எளிதில் சாய்வதையும் அது ஒருங்கே நிறைவேற்றுவதுதான்.

இங்கே நட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். தளர்வாகத் தோன்றும் டிரக்கை ஸ்பேனரால் இறுக்கிச் சரிசெய்வதே பலருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். நட்டின் இறுக்கம் புஷ்ஷுக்கு முன்கூட்டியே ஓர் அழுத்தத்தைத் தருகிறது. அந்த அழுத்தம் ஓரளவு அவசியமே. அது இல்லாவிட்டால் பலகை சாயும்போது புஷ்ஷின் ஒரு பக்கம் வாஷரைவிட்டு விலகி, எதிர்ப்பு திடீரென்று குறைந்து, தொடர்பற்ற ஓர் ஆட்டம் உண்டாகும். ஆனால் மிருதுவான புஷ்ஷை மேலும் மேலும் இறுக்குவதால் அது கடினமான புஷ்ஷாக மாறிவிடுவதில்லை. அதன் நெகிழ்ச்சியில் பெரும்பகுதி நட்டுக்கே செலவாகி, சாய்வதற்கென்று எஞ்சுவது சொற்பமாகிவிடுகிறது. நடுநிலையில் மரத்துப்போன உணர்வும், விளிம்பில் நிரந்தரப் பிதுக்கமும், நாளடைவில் விரிசலும் தோன்றுகின்றன. வாஷரை விரலால் சுழற்ற முடியாத நிலைக்கு நட்டை வரவிட்டு, அதன்பின் அரைச்சுற்று முதல் ஒரு சுற்றுவரை இறுக்குவது போதுமானது. அதற்கும் மேலே இறுக்கத் தோன்றினால், கடின எண்ணை உயர்த்தவேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

புஷ்ஷைத் திருத்தும் கலைக்கு இப்போது வருவோம். கடையில் கிடைக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே நம் தேவை விழும்போதும், கூம்பு மிகத் தளர்வாகவும் உருளை மிக இறுக்கமாகவும் தோன்றும்போதும், கையிலுள்ள உருளையையே சிறிது செதுக்கிக்கொள்வது நெடுநாளாக வழங்கிவரும் முறை. எங்கே செதுக்குவது என்பதில்தான் விஞ்ஞானம் துணைவருகிறது. பலகை சாயும்போது புஷ்ஷின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தளர்கிறது. நடுத்துளையின் அருகிலுள்ள பொருள் ஏறக்குறைய சும்மா இருக்க, வெளிவிளிம்பிலுள்ள பொருளே மிகுதியாக உருமாறுகிறது. விளிம்பிலுள்ள பொருள் அதிகமாக நசுங்குவதோடு, நடுவிலிருந்து அதிகத் தூரத்தில் நின்று எதிர்ப்பதாலும், சாய்வுக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. ஸ்தூலமான கணக்கு ஒன்று பார்ப்போம். 27 மில்லிமீட்டர் விட்டமும் 10 மில்லிமீட்டர் துளையும் உள்ள உருளையின் வெளிவிட்டத்தை 25 மில்லிமீட்டராகக் குறைத்தால், விறைப்பு 27 சதவிகிதம் குறைந்துவிடுகிறது. கடின எண்ணில் சொன்னால், இது 90-இலிருந்து 87-க்கு இறங்குவதற்குச் சமம். விளிம்பைத் தொடாமல், உள்ளேயுள்ள துளையை 10-இலிருந்து 12 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினாலோ, விறைப்பு 2 சதவிகிதமே குறைகிறது. ஆனால் கிங்பின்னைச் சுற்றி இடைவெளி விழுந்து, டிரக் முழுவதும் தள்ளாடத் தொடங்குகிறது. ஆகவே, விளிம்பைத் திருத்தலாம், துளையைத் தொடலாகாது என்பது கணிதமே சொல்லும் தீர்ப்பு.

செய்முறை கடினமானதன்று, பொறுமை மட்டும் வேண்டும். புஷ்ஷின் துளையில் அதற்குச் சரியான போல்ட்டைச் செருகி, இருபுறமும் வாஷர் வைத்து லேசாக நட்டிட்டு, போல்ட்டின் முனையைத் துளைக்கருவியில் பிடிக்கச் செய்து, மெதுவாகச் சுழலவிட்டு, முரடான உப்புக்காகிதத்தை விளிம்பில் ஒற்றினால், வட்டம் கெடாமல் சீராகத் தேயும். வேகமாகச் சுழற்றினால் பாலியூரிதேன் சூடேறி இளகிப் பிசுபிசுக்கும். பறக்கும் துகள் மூச்சில் ஏறாதபடி முகக்கவசமும், கண்ணுக்குக் கண்ணாடியும் அணிவது அவசியம். துளைக்கருவி இல்லாதவர்கள் கூரிய கத்தியைச் சோப்பு நீரில் நனைத்து, மேல்விளிம்பை மட்டும் சாய்வாகச் சிறிது சிறிதாக அரிந்துகொள்ளலாம். ஈரமான அலகு ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்லும். தரைப்பக்கப் புஷ்ஷில், நட்டை நோக்கிய விளிம்பிலிருந்து தொடங்குவதே உத்தமம். அங்கே எடுப்பது திருப்பத்தை இலகுவாக்கும். எடையைத் தாங்கும் புஷ் பழுதுபடாமல் இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காமல், பொருத்தி, ஏறி உருண்டு பார்த்து, பிறகே அடுத்ததை நினைக்கவேண்டும். ஏனெனில், எடுத்ததை ஒட்டவைக்கும் உபாயம் எதுவும் இல்லை.

சிலர் புஷ்ஷின் பக்கத்தில் பள்ளங்கள் வெட்டியும் துளைகள் போட்டும் அதை மிருதுவாக்க முயல்கிறார்கள். பொருள் குறைவதாலும், பிதுங்க இடம் கிடைப்பதாலும் விறைப்பு குறைவது உண்மையே. ஆனால் கூரிய மூலையுள்ள பள்ளத்தில் தகைவு ஒரே இடத்தில் குவிந்து, அங்கிருந்தே விரிசல் பிறக்கும். பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது பாரம் தாங்கிய புஷ் பிளந்தால், அது ஒரு பக்கமாகப் பலகையை இழுத்துக்கொண்டு போகும். இந்த முறையை நாடுவோர், மூலையே இல்லாத வழவழப்பான வளைவாகப் பள்ளத்தை அமைக்கவேண்டும். அதையும் வேகம் குறைந்த பலகையில் மட்டுமே செய்யவேண்டும். விறைப்பைக் குறைத்தபின் சக்கரம் பலகையின் அடியில் உரசுகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்; நன்றாகச் சாயும் பலகையில் சக்கரம் மரத்தைக் கவ்வினால் பலகை நின்றுவிடும், ஏறியவர் நிற்கமாட்டார். பேஸ்பிளேட்டுக்கும் பலகைக்கும் இடையே 3 மில்லிமீட்டர் உயர்த்தித் தகடு வைத்தாலே பல சமயங்களில் இந்த உரசல் நீங்கும்.

வேகமாகச் செல்லும் பலகை திடீரென்று இடமும் வலமுமாக உதறத் தொடங்குவது இவ்விளையாட்டின் பெரிய அபாயம். அமெரிக்க அறிஞர் மாண்ட் ஹப்பர்ட் 1979-இலேயே ஸ்கேட்போர்டின் பக்கவாட்டு நிலைப்பாட்டைக் கணித ரீதியாக ஆராய்ந்து, அது வேகத்தையும் புஷ்ஷின் விறைப்பையும் டிரக்கின் கோணத்தையும் சார்ந்தது என்று காட்டினார். 2016-இல் புடாபெஸ்ட், பிரிஸ்டல் நகரங்களின் அறிஞர்கள், சாய்வை உணர்ந்து உடல் பதில் செய்வதற்கு ஆகும் காலதாமதத்தையும் கணக்கில் சேர்த்து இந்த உதறலை ஆராய்ந்தார்கள். உடலின் பதில் சற்றே பிந்தி வந்து, தணிக்கவேண்டிய அசைவைத் தணிக்காமல் வளர்த்துவிடக்கூடும் என்பது சவாரி செய்வோர் அநுபவத்திலும் காண்பதே. பின்சக்கரங்கள் அதிகமாகத் திரும்பும்போது இந்தத் தொல்லை மிகுவதால், முன்டிரக்கை இலகுவாகவும் பின்டிரக்கை இரண்டு மூன்று எண் கடினமாகவும் வைத்துக்கொள்வது, வேகத்தை விரும்புவோர் கடைப்பிடிக்கும் நெறி. அப்போது முன்னச்சு வழிகாட்டும். பின்னச்சு அதைப் பின்பற்றும்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், திருப்பத்தைச் சீர்செய்ய விரும்புபவர் செல்லவேண்டிய வரிசை தானே புலப்படும். முதலில் மூக்குக் கிண்ணம் தேய்ந்து ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் அதை மாற்றவேண்டும். அது ஆடும்வரை புஷ்ஷின் குணத்தை அறியவே முடியாது. பிறகு நட்டை உரிய இறுக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். அதன்பின் கிண்ண வாஷரைத் தட்டை வாஷராக மாற்றிப் பார்க்கலாம். செலவும் சேதமும் இல்லாத பரிசோதனை அது. போதாவிட்டால் எடையையும் வேகத்தையும் எண்ணிக் கடின எண்ணை மாற்றலாம். பிறகு ஆகாரத்தை மாற்றலாம். எல்லாவற்றுக்கும் பின்னரே கத்தியை எடுக்கலாம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாறுதலைச் செய்து, அதன் பலனைப் பாதத்தால் உணர்ந்து, அடுத்ததற்குச் செல்பவர், ஒவ்வொரு படியிலும் தம் உடலைப் பற்றியும் பொருளைப் பற்றியும் ஏதேனும் ஒன்றை அறிந்துகொண்டே போகிறார். பல மாறுதல்களை ஒரே நாளில் செய்பவருக்குப் பலகை நன்றாக அமைந்துவிட்டாலும், அது ஏன் நன்றாக அமைந்தது என்பது தெரியாது. எடை கூடியோ, வேகம் கூடியோ, புஷ் தேய்ந்தோ நிலைமை மாறும்போது, அவர் மறுபடியும் முதலிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும். காரணம் அறிந்து திருத்தியவரோ, எந்தப் பலகையில் ஏறினாலும், எந்த வளையத்தை எவ்வளவு மாற்றவேண்டும் என்பதைச் சில நிமிஷங்களிலேயே கண்டுகொள்வார்.